அன்னையரின் ஓட்டமும் நம் கடமையும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



 

சற்று முன்பு இந்த மேடையில் ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டன. சந்தா நிலுவை எவ்வளவு, கடை வாடகை பாக்கி எவ்வளவு, மையவாடிச் சுற்றுச்சுவருக்குச் செலவானது எவ்வளவு என்று காசுக்குக் காசு கணக்குக் கேட்டோம்; கேட்டுத் திருப்தி அடைந்தோம். ஆனால் எந்தப் பேரேட்டிலும் ஏறாத ஒரு கடன் இங்கு அமர்ந்திருக்கும் ஒவ்வொருவர் பெயரிலும் நிலுவையில் நிற்கிறது. நம்மைச் சுமந்து, பெற்று, பாலூட்டி, கண்விழித்து வளர்த்த அன்னையருக்கு நாம் பட்டிருக்கும் கடனே அது. அந்தக் கடனைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசுமாறு நிர்வாகத்தினர் பணித்திருக்கிறார்கள். பிறருக்கு உபதேசம் செய்யும் நோக்கத்துடன் நாம் இங்கு நிற்கவில்லை. நம்மிடத்தில் உள்ள ஒரு குறையையும் இன்று சபையின் முன் வைக்கவேண்டியிருக்கிறது. அதை இறுதியில் கூறுவோம்.

திருமறை காட்டும் தாய்

பெற்றோருக்கு நன்மை செய்யுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் கட்டளையிடுகிறது. அவ்வாறு கட்டளையிடும்போது இரண்டு இடங்களில் தாயின் சிரமத்தை மட்டும் தனியே எடுத்துக் கூறுகிறது. லுக்மான் அத்தியாயத்தின் 14ஆவது வசனம், பலவீனத்தின் மேல் பலவீனத்தைத் தாங்கி அவள் பிள்ளையைச் சுமந்ததையும், பால்குடி மறக்க இரண்டு ஆண்டுகள் ஆவதையும் நினைவூட்டுகிறது; அதே மூச்சில் இறைவன் தனக்கும் பெற்றோருக்கும் நன்றி செலுத்துமாறு பணிக்கிறான். அஹ்காஃப் அத்தியாயத்தின் 15ஆவது வசனம், சுமந்ததும் பால்குடி மறக்கச் செய்ததுமாகச் சேர்த்து முப்பது மாதங்கள் என்று கணக்கே சொல்லிவிடுகிறது. முப்பதிலிருந்து பாலூட்டும் இருபத்துநான்கு மாதங்களைக் கழித்தால் எஞ்சுவது ஆறு. கர்ப்பத்தின் மிகக் குறைந்த காலம் ஆறு மாதம் என்னும் சட்டத்தை நம் முன்னோர்கள் இந்த இரு வசனங்களையும் இணைத்தே எடுத்தார்கள்.

நாம் இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மனிதன் மறந்துவிடக் கூடியவன் என்பதை அறிந்துதான் இறைவன் இந்தக் கணக்கை எழுதி வைத்தான். நாம் ஒருவருக்குக் கொடுத்த கைமாற்று ஐந்நூறு ரூபாயாக இருந்தாலும் தேதி முதற்கொண்டு நினைவில் இருக்கும். நம்மை ஒருவர் தம் உடலுக்குள் வைத்துச் சுமந்த மாதங்களோ நம் நினைவில் இல்லை; இருக்கவும் முடியாது. நம் நினைவுக்கு எட்டாத காலத்தில் நமக்குச் செய்யப்பட்ட உபகாரம் அது. ஆகவேதான் அதற்கு வேதமே சாட்சியாக நிற்கிறது.

பனீ இஸ்ராயீல் அத்தியாயமோ முதுமையைப் பற்றிப் பேசுகிறது. பெற்றோர் தள்ளாத வயதை அடையும்போது அவர்களை நோக்கிச் "சீ" என்னும் அளவுக்குக்கூடச் சலிப்பைக் காட்டலாகாது என்று தடுக்கிறது. பணிவு என்னும் இறக்கையைத் தாழ்த்துமாறு கூறுகிறது. தாய்ப்பறவை தன் குஞ்சுகள்மீது இறக்கையைத் தாழ்த்துவதை நாம் கண்டிருக்கிறோம். ஒரு காலத்தில் நம்மீது தாழ்ந்த அந்த இறக்கையை இப்போது நாம் அவர்கள்மீது தாழ்த்த வேண்டும் என்பதே அதன் கருத்து.

தாம் அழகிய முறையில் பழகுவதற்கு மனிதர்களில் மிகவும் உரியவர் யார் என்று ஒரு தோழர் வினவியபோது, அண்ணலார் மும்முறையும் தாயையே விடையாகக் கூறி, நான்காம் முறையே தந்தையைக் கூறினார்கள் என்னும் செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. போருக்குச் செல்ல விரும்பி வந்த ஒருவரிடம் அவருடைய தாய் உயிருடன் இருப்பதைக் கேட்டறிந்து, அவளை விட்டு அகலாமல் இருக்குமாறும், சுவனம் அவளுடைய காலடியில் இருப்பதாகவும் சொல்லியனுப்பினார்கள் என்பது நஸயீயில் வருகிறது. இவற்றை நாம் சிறுவயது முதல் மத்ரஸாவில் கேட்டிருக்கிறோம். கேட்டதில் குறைவில்லை.

ஸஃபாவும் மர்வாவும்

பெருமக்களே! ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ சென்று வந்தவர்கள் இந்தச் சபையில் பலர் இருக்கிறீர்கள். கஅபாவை வலம் வந்தபின் ஸஃபாவிலிருந்து மர்வாவுக்கும், மர்வாவிலிருந்து ஸஃபாவுக்குமாக ஏழு முறை தொங்கோட்டம் செய்தீர்கள். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தூரம். இன்று அங்கே பளிங்குத் தரை இருக்கிறது. மேலே கூரை இருக்கிறது. குளிரூட்டும் வசதி இருக்கிறது. அருகிலேயே ஜம்ஜம் நீர் வைக்கப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் ஐந்தாவது சுற்றில் கால் வலிக்கிறது என்று நம்மில் பலர் சுவரோரம் அமர்ந்துவிடுகிறோம்.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக புகாரீயில் விரிவாக இடம்பெறும் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். பயிரில்லாத, ஆளில்லாத அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பை பேரீச்சம்பழமும் ஒரு தோல்பை நீரும் மட்டும் வைத்துவிட்டு இப்ராஹீம் (அலை) அவர்கள் திரும்பிச் செல்கிறார்கள். இது இறைவனின் கட்டளையா என்று அன்னை ஹாஜர் (அலை) கேட்கிறார்கள். ஆம் என்ற விடை வந்ததும், அப்படியாயின் அவன் எங்களைக் கைவிடமாட்டான் என்று உறுதியுடன் குழந்தையிடம் திரும்பிவிடுகிறார்கள். தோல்பை வற்றுகிறது. நீர் வற்றியதும் பால் வற்றுகிறது. கைக்குழந்தை இஸ்மாயீல் தாகத்தால் துடிக்கிறது. அதைக் கண்கொண்டு பார்க்க இயலாமல் அந்தத் தாய் ஸஃபாவின் மீது ஏறி எவராவது தென்படுகிறார்களா என்று பார்க்கிறார்கள். பள்ளத்தில் இறங்கியதும் ஓடுகிறார்கள். மர்வாவில் ஏறிப் பார்க்கிறார்கள். இவ்வாறு ஏழு முறை. ஏழாவது முறைக்குப் பின்னரே ஜம்ஜம் வெளிப்பட்டது.

இறைவன் கைவிடமாட்டான் என்று முழுமையாக நம்பியவர்களே அந்த அன்னை. ஆயினும் நம்பிக்கையைச் சொல்லிவிட்டுக் கைகட்டி அமர்ந்திருக்கவில்லை, பிள்ளைக்காக ஓடினார்கள். அந்த ஓட்டத்தை இறைவன் வணக்கமாகவே ஆக்கிவிட்டான். அரசர்கள் வந்தாலும், மார்க்க மேதைகள் வந்தாலும், ஒரு தாய் தன் பிள்ளைக்காகப் பதறி ஓடிய தடத்தில் ஓடாமல் அவர்களுடைய ஹஜ்ஜும் உம்ராவும் நிறைவுறுவதில்லை. இன்று பச்சை விளக்குகள் எரியும் அந்தப் பகுதியில் ஆண்கள்தாம் விரைந்து ஓட வேண்டும். பெண்கள் இயல்பாக நடந்தாலே போதுமானது என்பது சட்டம். அன்று ஓடியவர் ஒரு பெண். அதை நினைந்து இன்று ஓட வேண்டியவர்கள் ஆண்களாகிய நாம். இதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

அண்ணலாரும் அன்னையரும்

நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தந்தையின் முகத்தைக் கண்டதில்லை. தாயின் அருகிலிருந்த காலமும் நீண்டதில்லை. மதீனாவிலிருந்து மக்கா திரும்பும் வழியில் அப்வா என்னும் இடத்தில் அன்னை ஆமினா அவர்கள் மறைந்தபோது அண்ணலாருக்கு வயது ஆறு. உடன் சென்றிருந்த பணிப்பெண் உம்மு ஐமன் (ரலி) அவர்கள்தாம் அந்தச் சிறுவரை மக்காவுக்கு அழைத்து வந்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, ஒரு பெரும் சமுதாயத்தின் தலைவராக அந்த அன்னையின் மண்ணறை அருகே அண்ணலார் நின்றபோது அழுதார்கள். உடனிருந்தோரும் அழுதார்கள் என்று முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஆறு வயதில் பிரிந்த தாய்க்காக முதிர்ந்த வயதிலும் கண்ணீர் வடித்த நபியின் உம்மத்தினர் நாம்.

தொழுகையை நீட்டித் தொழ எண்ணி நிற்கும்போது பின்வரிசையில் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால் அண்ணலார் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள். குழந்தை அழுவதைக் கேட்கும் தாயின் மனம் என்ன பாடுபடும் என்பதே அதற்குக் காரணம். இறைவனின் முன் நிற்கும் வேளையிலும் ஒரு தாயின் பதற்றம் அவர்களுக்குப் பொருட்டாக இருந்தது.

அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்களைக் காண அவர்களுடைய தாயார் வந்தார். அந்தத் தாயார் அப்போது இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. தாயுடன் உறவு பாராட்டலாமா என்று அஸ்மா கேட்க, தாயைச் சேர்ந்து வாழுமாறே அண்ணலார் பணித்தார்கள். கொள்கை வேறுபட்ட இடத்திலும் தாயின் உரிமை அறுபடவில்லை. மருமகளோடு ஒத்துப்போகவில்லை, சொத்துப் பிரித்ததில் வருத்தம், தங்கைக்கு நகை கூடுதலாகப் போட்டுவிட்டார் என்றெல்லாம் காரணம் கூறித் தாயின் வீட்டு வாசலை மிதிக்காமல் இருப்போர், இந்த வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒரு மனிதரைக் கண்டார்கள். யமன் தேசத்தைச் சேர்ந்த அம்மனிதர் தம் தாயை முதுகில் சுமந்தவாறு கஅபாவை வலம் வந்துகொண்டிருந்தார். தாயின் கடனைத் தீர்த்துவிட்டேனா என்று அவர் வினவினார். பேறுகாலத்தில் அவள் விட்ட ஒரு பெருமூச்சுக்குக்கூட ஈடாகவில்லை என்பதே அவருக்குக் கிடைத்த விடையின் கருத்து. முதுகில் சுமந்தவருக்கே இந்த விடை என்றால், மாதம் ஒருமுறை பணம் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று எண்ணும் நமக்கு என்ன விடை கிடைக்கும்?

பெரியோரை உருவாக்கிய தாய்மார்கள்

நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் மத்ஹபின் இமாமாகிய ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150இல் (கி.பி.767) காஸாவில் பிறந்தார்கள். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார்கள். கையில் பொருளில்லாத அந்த இளம் விதவைத் தாய், பிள்ளை தன் குலத்தாரிடையே கல்வியுடன் வளரவேண்டும் என்று எண்ணி மக்காவுக்கு அழைத்து வந்தார். ஆசிரியருக்குக் கொடுக்கப் பணமில்லை, எழுதக் காகிதமில்லை. எலும்புகளிலும் ஓடுகளிலும் எழுதிப் படித்த அப்பிள்ளை பின்னாளில் ஒரு மத்ஹபுக்கே இமாமானார். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக அவர்களுடைய சட்டநூல்களை ஓதிவரும் நாம், காஸாவிலிருந்து மக்கா வரை அந்தத் தாய் கடந்த பாலைவனத்தை நினைத்துப் பார்த்ததுண்டா?

நம் நாட்டு விடுதலைப் போராட்டத்தில் அலி சகோதரர்களை அறியாதவர் இல்லை. முகம்மது அலி, ஷவுகத் அலி ஆகிய இருவரையும் வளர்த்த அன்னையைப் "பீ அம்மா" என்றே நாடு அழைத்தது. இளவயதில் கணவரை இழந்த அவர், தம் நகைகளை அடகு வைத்து மக்களைப் படிக்க வைத்தார். மக்கள் இருவரும் ஆங்கில அரசின் காவலில் இருந்தபோது, 1917ஆம் ஆண்டு கல்கத்தாவில் கூடிய முஸ்லிம் லீக் மாநாட்டில் அவரே மேடையேறிப் பேசினார். கிலாபத் இயக்கத்துக்காக முதிய வயதிலும் ஊர் ஊராகச் சென்றார். 1924இல் மறைந்தார்.

இராமேசுவரத்தில் பிறந்து இந்தியக் குடியரசின் தலைவராக உயர்ந்து 2015ஆம் ஆண்டு மறைந்த டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்கள் தம் தாயார் ஆஷியம்மாவைப் பற்றி ஒரு நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலம். உணவுப் பொருள்களுக்குப் பங்கீடு. பெரிய குடும்பம். சிறுவரான கலாம் உண்ண உண்ணத் தாய் சப்பாத்தியை வைத்துக்கொண்டே இருந்தார். உண்டு எழுந்தபின் மூத்த அண்ணன் தனியே அழைத்து, உம்மா தம் பங்கையும் உனக்கே கொடுத்துவிட்டார் என்பதை எடுத்துச் சொன்னார். ஓடிச் சென்று தாயைக் கட்டிக்கொண்டதாகக் கலாம் எழுதுகிறார்கள். அந்த அண்ணன் சொல்லியிராவிட்டால் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. தாய் சொல்லமாட்டார். எந்தத் தாயும் தான் பட்டினி கிடந்ததைப் பிள்ளையிடம் சொல்வதில்லை. இதை நாம் அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு.

முப்பத்தொன்றாம் தேதி

பெருமக்களே! தொடக்கத்தில் கூறிய நம் குறையை இப்போது சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நம் மஹல்லாவில் கணவரை இழந்த ஒரு தாய் இருந்தார். அவரோ அவரைச் சார்ந்தவர்களோ இன்னார் என்று தெரியும்படி எதுவும் கூறமாட்டோம். இரண்டு ஆண் மக்கள். இருவருக்கும் வசதிக்குக் குறைவில்லை. இருந்த ஒரு வீட்டையும் விற்று இருவருக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்ட பிறகு, உம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. பேச்சு தடித்தது. விவகாரம் ஜமாஅத்துக்கு வந்தது. அன்று விசாரித்த குழுவில் நாமும் இருந்தோம்.

இரு தரப்பையும் கேட்டோம். மாதத்தின் முதல் பதினைந்து நாள்கள் மூத்தவர் வீடு, அடுத்த பதினைந்து நாள்கள் இளையவர் வீடு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். மீறுவோரின் பெயர் ஜும்ஆவுக்குப் பின் வாசிக்கப்படும் என்றும் ஒரு வரி சேர்த்தோம். நியாயமாகத் தீர்த்துவைத்ததாக எண்ணி, ஸலவாத்து ஓதிக் கலைந்தோம். அந்தத் தாயிடம், உங்கள் விருப்பம் என்னம்மா என்று எவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அந்தத் தாய் ஜமாஅத் அலுவலக வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "பிள்ளைகள் பெயரை அந்த நோட்டிலே வைக்காதீங்க வாப்பா. நாளைக்குப் பேத்திகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வர்றவங்க ஜமாஅத்திலே வந்துதானே விசாரிப்பாங்க" என்று சொன்னார். தம்மைப் பங்கு போட்ட மக்களின் பெயருக்கு இழுக்கு வந்துவிடக் கூடாது என்பதே அவர் கவலையாக இருந்தது. அவர் சொல்லுக்கிணங்கப் பெயர் வாசிக்கும் வரியை அடித்தோம். அவரும் துஆ செய்துவிட்டுப் போனார்.

ஓராண்டுக்கு மேல் அந்தத் தாய் ஒரு துணி மூட்டையையும், மருந்துப் பையையும், தஸ்பீஹ் மணியையும் கையில் பிடித்தவாறு மாதம் இருமுறை இரண்டு வீடுகளுக்கிடையே நடந்தார். நாம் தொழுகைக்குச் செல்லும் வழியில் கண்டிருக்கிறோம். ஸலாம் சொல்லியிருக்கிறோம். பிறகு அவர் மௌத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஜனாஸா அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், அடுத்த வீட்டு மூதாட்டி ஒருவர் ஒரு செய்தியைச் சொன்னார். ஆண்டில் ஏழு மாதங்களுக்கு முப்பத்தொரு நாள்கள் உண்டு. நாம் எழுதிய ஒப்பந்தத்தில் முப்பத்தொன்றாம் தேதிக்கு வீடு இல்லை. என் பதினைந்து நாள் முடிந்தது என்று இளையவர் வீட்டில் பேச்சு எழுந்தது. என் முறை ஒன்றாம் தேதிதானே என்று மூத்தவர் வீட்டில் பேச்சு எழுந்தது. இரண்டையும் காதில் வாங்கிய அந்தத் தாய் எவரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. முப்பத்தொன்றாம் தேதி வந்தால் நோன்பு வைத்துக்கொண்டார். ஸஹருக்கு ஒரு குவளைத் தண்ணீர். பொழுது சாய்ந்ததும் அடுத்த வீட்டுக்குப் பேச வந்தவர்போல் வந்து, அங்கே ஒரு பேரீச்சம்பழத்தால் நோன்பு திறப்பார். உம்மா சுன்னத்தான நோன்பு நோற்கிறார் என்று இரண்டு வீட்டாரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வீட்டு மூதாட்டி கேட்டாராம், ஏன் ஜமாஅத்தில் சொல்லக்கூடாது என்று. "ஒரு நாள்தானே புள்ளே. அதுக்குப் போயி எம்மக்களை நிறுத்தி வைக்கணுமா?" என்று சொன்னாராம்.

பெருமக்களே, அந்தப் பிள்ளைகளைக் குறை கூற நாம் இதைச் சொல்லவில்லை. செய்தி தெரிந்த நாளில் அவ்விருவரும் அழுத அழுகையை நாம் கண்டோம். ஒரு நாள் என்பது இருவருக்கும் பேச்சோடு போன சிறு மனத்தாங்கல். அது தாயின் வயிற்றில் விழுந்ததை அவர்கள் அறியவில்லை. குறை நம்முடையது. வக்ஃப் கடை வாடகையில் ஒரு நாள் விடுபட்டால் கண்டுபிடித்துவிடும் நாம், ஒரு தாயின் உணவுக் கணக்கில் ஆண்டுக்கு ஏழு நாள்கள் விடுபட்டதைக் கவனிக்கவில்லை. பிள்ளைக்காக இரண்டு குன்றுகளுக்கிடையே ஓடிய அன்னையின் நினைவாக மக்காவில் ஏழு முறை ஓடிவந்த கால்கள் நம்முடையவை. நம் தெருவிலே இரண்டு வீடுகளுக்கிடையே நடந்த அன்னையிடம், உம்மா சாப்பிட்டீர்களா என்று அந்தக் கால்கள் ஒருமுறை நின்று கேட்கவில்லை. இறைவன் நம்மை மன்னிக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

ஆகவே சில கருத்துகளை நிர்வாகத்தின் பரிசீலனைக்கும் மஹல்லா மக்களின் சிந்தனைக்கும் வைக்கிறோம்.

முதலாவது, தாயைப் பற்றிய விவகாரம் ஜமாஅத்துக்கு வரும்போது முதலில் கேட்கப்பட வேண்டியது தாயின் விருப்பம். ஆண்கள் நிறைந்த சபையில் அவர் மனம் திறக்கமாட்டார். மஹல்லாவின் மூத்த பெண்மணிகள் இருவர் அவர் இருக்குமிடம் சென்று கேட்டுவர வேண்டும். நாள் கணக்கில் தாயைப் பங்கிடும் ஒப்பந்தங்களை இனி நம் ஜமாஅத் எழுதலாகாது. அவர் விரும்பும் ஒரு வீட்டில் நிலையாக இருக்கட்டும், மற்ற மக்கள் செலவில் பங்கேற்கட்டும், வந்து பார்க்கட்டும்.

இரண்டாவது, சொத்து. பாசத்தால் இருப்பதையெல்லாம் பிள்ளைகள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் நிற்கும் தாய்மார்கள் உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் என்று 2007ஆம் ஆண்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. தம்மைப் பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையுடன் மூத்த குடிமக்கள் எழுதிக் கொடுத்த சொத்தைப் பெற்றவர் அந்நிபந்தனையை மீறினால், அப்பத்திரத்தைச் செல்லாததாக்க அதன் 23ஆவது பிரிவு வழி செய்கிறது. எனவே அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதிவைப்பது நல்லது. பராமரிப்புத் தொகை கோரிக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மூத்த குடிமக்களைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் நாம் மேலே கண்ட தாயைப் போன்றோர் எந்த அலுவலகப் படியும் ஏறமாட்டார்கள். அவர்கள் படியேறும் நிலை வராமல் பார்ப்பதே ஜமாஅத்தின் வேலை.

மூன்றாவது, வாரிசுரிமை. மகன் மறைந்தால் அவன் விட்டுச்சென்ற சொத்தில் தாய்க்கு ஷரீஅத் பங்கு வகுத்திருக்கிறது. மகனுக்குப் பிள்ளைகள் இருந்தால் ஆறில் ஒன்று. பிள்ளைகளும், ஒருவருக்கு மேற்பட்ட உடன்பிறப்புகளும் இல்லாவிடில் மூன்றில் ஒன்று. சான்றாக, கடனும் மரண சாசனமும் நிறைவேற்றியபின் பன்னிரண்டு இலட்சம் ரூபாய் எஞ்சியது. தாயும் மனைவியும் ஆண், பெண் மக்களும் இருக்கிறார்கள். தந்தை முன்பே மறைந்துவிட்டார் என்று கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்றாக ஒன்றரை இலட்சம். தாய்க்கு ஆறில் ஒன்றாக இரண்டு இலட்சம். மீதி எட்டரை இலட்சம் மக்களுக்கு. இந்த இரண்டு இலட்சத்தை எத்தனை குடும்பங்களில் தாயின் கையில் கொடுத்திருக்கிறோம்? வயதான உம்மாவுக்குப் பணம் எதற்கு என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். இறைவன் வகுத்த பங்கை மறுக்க நாம் யார்? பேரப் பிள்ளைகளுக்கே அதை அவர் திருப்பிக் கொடுக்கலாம். கொடுப்பது அவர் கையாக இருக்கட்டும்.

நான்காவது, சபரில் இருப்போருக்கு ஒரு வேண்டுகோள். வளைகுடாவிலும் கீழை நாடுகளிலும் உழைக்கும் நம் பிள்ளைகளின் வியர்வையால்தான் இந்த ஊரின் அடுப்புகள் எரிகின்றன. இதை நன்றியுடன் சொல்கிறோம். இன்று கைபேசியில் முகம் பார்த்துப் பேச வழி இருக்கிறது. மனைவி மக்களோடு பேசி முடித்தபின் மிச்ச நிமிடத்தில் தாயிடம் நலம் விசாரிப்பதை விட்டு, தாய்க்கென்று ஒரு வேளையை ஒதுக்குங்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்றுதான் அவர் சொல்வார். என்ன சாப்பிட்டீர்கள், யாருடன் சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள்.

ஐந்தாவது, தாய்க்குப் பணிவிடை செய்யும் கடமை மகனுடையது. அதை முழுவதும் மருமகள் தலையில் ஏற்றிவிட்டு, அவள் சரியாகக் கவனிக்கவில்லை என்று குறை கூறுவது ஆண்மக்களுக்கு அழகன்று. மருமகள் விரும்பிச் செய்தால் அது அவளுடைய பேருபகாரம். அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும். அவளும் ஒரு தாயின் மகள். அவளும் நம் பிள்ளைகளின் தாய். உம்மாவின் மருந்தை எடுத்துக் கொடுப்பதும், கால் பிடித்துவிடுவதும், உளூச் செய்ய நீர் எடுத்து வைப்பதும் மகனின் கைகள் செய்யட்டும். அதைப் பார்த்து வளரும் பேரன் எவரும் சொல்லாமலே கற்றுக்கொள்வான்.

தாயை இழந்தவர்கள் மனம் வருந்தி அமர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் வாசல் திறந்தே இருக்கிறது. அவர்களுக்காகத் துஆ செய்யுங்கள். அவர்கள் பெயரால் தர்மம் செய்யுங்கள். அவர்கள் பட்ட கடன்களைத் தீருங்கள். அவர்களுடைய தோழியரைத் தேடிச் சென்று பாருங்கள். உங்கள் உம்மாவின் கதையைச் சொல்லக் காத்திருக்கும் ஒரு மூதாட்டி, அடுத்த வீட்டிலேயே இருக்கக்கூடும்.

இந்தக் கூட்டம் முடிந்து தப்ருக்கைக் கையில் வாங்கிக்கொண்டு நாம் எல்லோரும் வீடு செல்வோம். தாய் உயிருடன் உள்ளவர்கள் அதை முதலில் அவர் கையில் கொடுங்கள். அவர் வாங்கி, பாதியைப் பிட்டு உங்களிடமே நீட்டுவார். அந்தப் பாதியை மறுக்காமல் வாங்கி, அவர் மீதியை உண்டு முடிக்கும்வரை அருகிலேயே அமர்ந்திருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் அன்னையர் எங்களுக்காக ஓடிய ஓட்டத்தை நீ ஏற்றுக்கொள்வாயாக! உயிருடன் இருப்போருக்கு நலத்தையும் நீண்ட ஆயுளையும், மறைந்தோருக்கு மண்ணறையில் ஒளியையும் தருவாயாக! அவர்கள் சொல்லாமல் மறைத்த பசியை எங்களுக்கு உணர்த்துவாயாக! எங்கள் தவறுகளை மன்னித்து, எஞ்சிய நாள்களில் அவர்களுக்குப் பணிவிடை செய்யும் பாக்கியத்தை எங்கள் அனைவருக்கும் அருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.